கம்பு பேசுமா, பதக்கம் பேசுமா?



சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆயர் குரோ பக்கம் ஒரு மண்டபத்தில் சிறுவர் சிறுமியர்க்கான சிலம்பப் போட்டி நடந்தது. நம் தோட்டத்திலிருந்து எட்டுப் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு விடியற்காலையிலேயே கிளம்பினோம். வாத்தியாரும் வந்தார். பெற்றோர் நாலு பேர் கூட வந்தார்கள். அவர்களில் ஒருவர் செம்பனைக் குலை வெட்டும் தோழர். அன்றைக்கு வேலைக்குப் போயிருந்தால் அவருக்கு ஒரு நாள் சம்பளம் கிடைத்திருக்கும். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி சொச்சம். அந்த 65 வெள்ளியை விட்டுவிட்டுத்தான் மகளின் ஆட்டத்தைப் பார்க்க வந்தார்.

மகளுக்கு வயது பதின்மூன்று. நாலு வருஷமாகக் கோயில் பின்புறம் கம்பு பழகுகிறாள். அவளுடைய தடுப்பைத் தாண்டி ஓர் அடி உள்ளே போவது சுலபமில்லை. நம் தோட்டத்துப் பையன்களே அவளோடு ஆடப் பயப்படுவார்கள். ஆகவே, பதக்கம் கையில் வந்துவிட்டது என்றே எல்லாரும் நினைத்திருந்தோம்.

முதல் ஆட்டத்திலேயே தோற்றாள். ஐந்துக்கு இரண்டு.

எதிரே நின்ற பெண் பட்டணத்துப் பிள்ளை, நல்ல சுறுசுறுப்பு. துள்ளி உள்ளே வருவாள், குனிந்து காலை ஒரு தொடு தொடுவாள், துள்ளி வெளியே போய்விடுவாள். நடுவர் கொடியைத் தூக்குவார். நம் பிள்ளை தற்காத்துத் தற்காத்து நின்றாளே தவிர, துரத்திப் போய் அடிக்கவில்லை. மணி அடித்துவிட்டது.

திரும்பி வரும்போது வேனில் யாருக்கும் பேச்சு வரவில்லை. டுரியான் துங்கல் தாண்டியதும் அந்தத் தகப்பனார்தான் வாயைத் திறந்தார்.

“வாத்தியாரே, நாலு வருஷமா என்னத்தத்தான் கத்துக்கிட்டா? இனிமே வேணாம். டியூஷனுக்காவது அனுப்புறேன்.”

வாத்தியார் பதில் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தத் தோழர் கேட்டதைத்தான் இன்று நாம் இந்தப் பகுதியில் எடுத்துக்கொள்கிறோம். போட்டியில் தோற்றால் கலை தெரியாது என்று அர்த்தமா? போட்டியில் ஜெயித்தால் கலை கைவந்துவிட்டது என்று அர்த்தமா?

எதை எண்ணுகிறார்கள்?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். போட்டி என்றால் யாராவது எதையாவது எண்ண வேண்டும். எண்ணினால்தான் ஜெயித்தவர் யார் என்று சொல்ல முடியும். எண்ண முடியாததைப் போட்டி பார்க்காது. இது போட்டியின் குற்றமல்ல, அதன் இயல்பு.

பழைய காலத்திலும் சிலம்பத்தில் எண்ணிக்கை உண்டு. கம்பின் நுனியில் சாந்தோ திருநீறோ குழைத்துத் தடவிக்கொண்டு ஆடுவார்கள். யார் உடம்பில் எத்தனை பொட்டு விழுந்தது என்று எண்ணுவார்கள். நெற்றியில் பொட்டு வைத்தவன் கெட்டிக்காரன். இன்றைக்குத் தலைக்கவசம், மார்புக் கவசம் எல்லாம் வந்திருக்கின்றன. வட்டம் போட்டு, நேரம் குறித்து, தொட்டால் புள்ளி என்று வைத்திருக்கிறார்கள். இது நல்ல மாற்றம். பிள்ளைகளின் மண்டை உடைய வேண்டும் என்று யாரும் விரும்ப மாட்டோம்.

ஆனால், விதி மாறும்போது ஆட்டமும் மாறிப்போகிறது. நாம் போன அந்தப் போட்டியில் சிறுவர்களுக்குத் தலையில் அடி கூடாது என்பது விதி. சரியான விதிதான். அதனால் என்ன ஆகிறது? காலைத் தொடுவதற்காக ஒருவர் தாராளமாகக் குனிகிறார். நிஜமான அடிதடியில் அப்படிக் குனிந்தால் உச்சந்தலை திறந்து கிடக்கும். எவனும் துணிய மாட்டான். இங்கே தலைக்கு ஆபத்தில்லை. முதலில் பட்ட தொடுதலுக்குத்தான் புள்ளி. ஆகவே குனிந்து தொடுகிறவருக்கு லாபம். நிமிர்ந்து நின்று காக்கிறவருக்கு நஷ்டம். அந்தப் பட்டணத்துப் பிள்ளை ஏமாற்றவில்லை. விதி என்ன கேட்டதோ அதைக் கொடுத்தாள்.

தனித்திறமைப் போட்டியிலும் இதே கதைதான். சண்டைக்கான கம்பு நெற்றி உயரம், ஏறக்குறைய ஐந்தரை அடி இருக்கும். கையில் எடுத்தால் கனம் தெரியும். தமிழ்நாட்டில் மூங்கில், இங்கே நம் நாட்டில் பெரும்பாலும் பிரம்பு. மேடை வீச்சுக்குக் கம்பு எவ்வளவு லேசாக இருக்கிறதோ அவ்வளவு வேகம் வரும். ஆகவே கம்பு இளைத்துக்கொண்டே போகிறது. பாட்டுப் போடுகிறார்கள், குட்டிக்கரணம் அடிக்கிறார்கள். மணிக்கணக்கில் கம்பைச் சுற்றி ‘சாதனை’ என்று சான்றிதழும் வாங்குகிறார்கள். கண்ணுக்கு அழகுதான். அலங்காரச் சிலம்பம் என்று நம் முன்னோர்களே ஒரு வகை வைத்திருந்தார்கள். அதற்குப் பக்கத்திலேயே போர்ச் சிலம்பம் என்றும் ஒரு வகை வைத்திருந்தார்கள். துடுக்காண்டம், குறவஞ்சி, பனையேறி மல்லு, கள்ளன் கம்பு என்று இன்னும் பல வகைகள். அலங்காரத்தை மட்டும் மேடையேற்றி மற்றதை மறந்துவிட்டால், கல்யாணப் பந்தலைக் கட்டிவிட்டு மாப்பிள்ளையை மறந்த கதையாகிவிடும்.

காண்டாக் கம்பு

நாம் தோட்டப் பள்ளியில் நாலாம் வகுப்புப் படித்த காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இப்போது ஆயர் குரோ என்றால் டோல் சாவடி, மிருகக்காட்சி சாலை, மாநில அரசாங்க அலுவலகங்கள், கோல்ஃப் திடல். அப்போது இந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கே திரும்பினாலும் பால்மரம்.

எங்கள் தோட்டத்தில் அப்போதிருந்த வாத்தியார் பால்மரம் வெட்டும் தொழிலாளி. அவருடைய அப்பா ரஜூலா கப்பலில் வந்தவர். பெட்டியில் துணியிருந்ததோ இல்லையோ, கையில் கம்பு வரிசை இருந்தது என்று பெருமையாகச் சொல்வார்கள். பகலெல்லாம் நிரையில் வேலை. பொழுது சாய்ந்ததும் மாரியம்மன் கோயில் பின்புறம் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் பிள்ளைகளுக்குக் காலடி சொல்லிக் கொடுப்பார். காசு கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை வெற்றிலை பாக்கு, வேட்டி. முதல் ஆறு மாதம் கம்பையே தொட விடமாட்டார். சலாம் வரிசையும் காலடியும்தான். கோயில் எல்லையை விட்டு வெளியே கம்பை எடுத்துப் போனால் அன்றோடு படிப்பு முடிந்தது.

ஒரு சம்பள நாள் சாயங்காலம். கள்ளு உள்ளே போன ஒருவர், பழைய பகை ஒன்றை நினைத்துக்கொண்டு, பாராங் கத்தியோடு லயத்துக்கு வந்துவிட்டார். பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். வாத்தியார் அப்போது பால் கொட்டகையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். வாளிகளை இறக்கி வைத்தார். கையில் இருந்தது பால் வாளி தூக்கும் காண்டாக் கம்பு, அவ்வளவுதான்.

ஒரே ஒரு அடி, அதுவும் மணிக்கட்டில். பாராங் கீழே விழுந்தது. வாத்தியார் அதைக் காலால் தள்ளிவிட்டார். பிறகு அந்த மனிதரின் தோளில் கையைப் போட்டு, “வாப்பா, வீட்டுக்குப் போலாம்” என்று நடத்திக்கொண்டு போனார். மறுநாள் காலை பிரட்டில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். வாத்தியார் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. போலீசும் வரவில்லை, ஆஸ்பத்திரியும் தேவைப்படவில்லை.

அந்த அடிக்கு எந்த நடுவர் புள்ளி போடுவார்? எங்கே அடிக்க வேண்டும் என்பதைவிட எவ்வளவு மட்டும் அடிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்னும் ஒரு பிடி பலம் கூடியிருந்தால் அந்த மனிதர் அப்புறம் கத்தி பிடித்து மரம் வெட்டியிருக்க முடியாது. அவர் பிள்ளைகள் பட்டினி கிடந்திருக்கும். நாம் பார்த்த உண்மையான திறமை அதுதான்.

போட்டியே வேண்டாம் என்பவர்களுக்கு

இதைப் படித்துவிட்டு, “பார்த்தீர்களா, நாங்கள் அப்போதே சொன்னோம். போட்டியெல்லாம் பட்டணத்து விளையாட்டு. உண்மையான கலை எங்களிடம்தான் இருக்கிறது” என்று சில பெரியவர்கள் மீசையை முறுக்கலாம். அவர்களிடமும் நாம் ஒரு வார்த்தை பணிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்தக் காலத்திலும் எதிரில் ஒரு கம்பைச் சந்திக்காமலே வாத்தியார் ஆனவர்கள் உண்டு. ‘எங்கள் அடி கொலை அடி, அதைப் போட்டியில் காட்ட முடியாது’ என்பார்கள். காட்டாத வரைக்கும் அந்த அடி இருக்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்?

சீனாவில் 2017 ஏப்ரலில் ஒரு சம்பவம் நடந்தது. செங்டு நகரில் தாய்ச்சி ஆசான் என்று பேர் வாங்கிய வெய் லெய் என்பவரை, கலப்புச் சண்டை வீரர் ஷு ஷியாவ்தோங் நேருக்கு நேர் சந்தித்தார். சண்டை அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை. ஆசான் தரையில் கிடந்தார். அந்தக் காட்சி உலகமெங்கும் பரவியது. தாய்ச்சி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. அடி வாங்கிப் பழகாதவர் அடியைப் பற்றிப் பாடம் நடத்தியது அம்பலமானது, அவ்வளவுதான். அதை அம்பலப்படுத்தியது எதிரில் நின்று மோதிய ஒரு சண்டைதான்.

ஜப்பானில் நடந்தது இதைவிட முக்கியமானது. 1882இல் ஜிகோரோ கானோ என்னும் பள்ளி ஆசிரியர் பழைய ஜுஜுட்சுக் கலையிலிருந்து ஜூடோவை உருவாக்கினார். கொல்லும் பிடிகளை ஒதுக்கி வைத்துவிட்டு, முழு பலத்தோடு மோதிப் பார்க்கக்கூடிய பிடிகளை வைத்துப் பயிற்சி கொடுத்தார். 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. எடை வரம்பில்லாத பிரிவில் ஜப்பானியர்தான் ஜெயிப்பார் என்று அந்த நாடே நம்பியது. இறுதி ஆட்டத்தில் ஹாலந்து நாட்டின் அன்டன் ஹேசிங், ஜப்பானின் அகியோ கமினாகாவைத் தரையில் அமுக்கிப் பிடித்து ஜெயித்துவிட்டார். ஜப்பான் மண்ணிலேயே!

வெற்றி அறிவிக்கப்பட்டதும் ஹாலந்து ரசிகர்கள் குதூகலத்தில் பாய் மேல் ஏறி ஓடிவரப் பார்த்தார்கள். ஹேசிங் கையை உயர்த்தி அவர்களைத் தடுத்து நிறுத்தினார். தோற்றவருக்கு மரியாதை கொடுத்து, முறைப்படி வணங்கிவிட்டு, அதற்கப்புறம்தான் இறங்கினார். ஜப்பானியர்கள் அந்தத் தோல்வியை மறக்கவில்லை. அந்த உயர்த்திய கையையும் மறக்கவில்லை. அங்கே போட்டி ஒரு கலையின் முழு உருவத்தையும் காட்டியது. பலமும் தெரிந்தது, பண்பும் தெரிந்தது. ஆகவே போட்டி எதையும் காட்டாது என்று நாம் சொல்ல முடியாது.

மயங்கிக் கிடந்தவருக்குத் தங்கம்

இதே தோக்கியோவில் 57 வருஷம் கழித்து இன்னொன்று நடந்தது. 2020ஆம் ஆண்டு ஒலிம்பிக், கொரோனா தொற்றால் 2021இல் நடந்தது அல்லவா? அதில் கராத்தே முதல்முறையாக இடம் பெற்றிருந்தது. 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆடவர் பிரிவின் இறுதி ஆட்டம் ஆகஸ்ட் 7ஆம் தேதி. சவூதி அரேபியாவின் தாரிக் ஹமிதி 4–1 என்று முன்னணியில் இருந்தார். அவர் உயர்த்தி விட்ட ஓர் உதை, ஈரானின் சஜ்ஜாத் கஞ்ச்ஜாதேயின் தலைப்பக்கம் பட்டது. ஈரானியர் அங்கேயே மயங்கி விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

தங்கம் யாருக்கு? மயங்கி விழுந்தவருக்கு! கட்டுப்பாடில்லாமல் பலமாக உதைத்தார் என்று சவூதி வீரர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். கண் விழித்த பிறகுதான் தான் தங்கம் வென்றுவிட்ட சேதி மற்றவருக்குத் தெரிந்தது.

உலகமே சிரித்தது. “இதென்ன அநியாயம், அடித்தவன் தோற்றான், விழுந்தவன் ஜெயித்தான்” என்றார்கள். நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். பிறகு நம் பழைய வாத்தியாரின் காண்டாக் கம்பு ஞாபகத்துக்கு வந்தது. அந்தக் கராத்தே விதி என்ன சொல்கிறது? அடியை நிறுத்தத் தெரிந்தவனே தேர்ந்தவன் என்கிறது. அதைத்தானே எங்கள் வாத்தியாரும் செய்து காட்டினார்? விதியின் நோக்கம் நியாயமானதுதான். ஆனால் அந்த நியாயத்தைப் பதக்கத்தில் அச்சடிக்கும்போது, மயங்கிக் கிடந்தவர் உலகத்திலேயே சிறந்த வீரர் என்று வந்து நிற்கிறது. இரண்டு பேரின் திறமையையும் அந்த ஒரு தங்கம் சரியாகச் சொல்லவில்லை. போட்டி ஒரு கேள்வியைக் கேட்டு ஒரு பதிலை வாங்குகிறது. கலையிலோ நூறு கேள்விகள் இருக்கின்றன.

வெட்டுக் கத்தி சொல்லும் பாடம்

இது நமக்குப் புதிதா? பால்மரம் வெட்டிய கைகளுக்கு இது தெரியாதா?

மரம் வெட்டும் போட்டி வைத்தால் என்ன பார்ப்பார்கள்? ஒருவர் எத்தனை நிமிடத்தில் எத்தனை மரம் வெட்டினார், வெட்டின சாய்வு சரியா, பட்டையை எவ்வளவு சீவினார், மரத்தில் காயம் விழுந்ததா என்று பார்ப்பார்கள். அதுவும் திறமைதான். அதில் பரிசு வாங்கியவரை நாம் மதிக்கிறோம்.

ஆனால், நல்ல வெட்டுக்காரர் யார் என்று பழைய மண்டோரைக் கேட்டுப் பாருங்கள். கடிகாரத்தைப் பார்க்க மாட்டார். மரத்தைத் தடவிப் பார்ப்பார். விடியுமுன் போய் ஐந்நூறு, அறுநூறு மரங்களை வெட்டின கை, கடைசி மரத்திலும் முதல் மரத்தைப் போலவே ஒரு மில்லிமீட்டர் சொச்சம் பட்டையைத்தான் சீவியிருக்கிறதா? உள்தோலில் கத்தி பட்டால் மரம் முண்டும் முடிச்சுமாகப் பட்டை கட்டும். திரும்ப அந்தப் பக்கம் வெட்ட வரும்போது கத்தி ஓடாது. பல வருஷம் கழித்துத்தான் அந்தக் கையின் லட்சணம் வெளியே வரும். அன்றைக்குப் போட்டியில் முதலாவதாக வந்தவரின் மரங்கள் அப்போது எப்படி இருக்கின்றன என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

கம்பும் அப்படித்தான். மேடையில் இரண்டு நிமிடம் ஆடுகிறோம். அது ஒரு நாளைய வெட்டு. வருஷக்கணக்கில் கோயில் பின்புறம் ஊறிய காலடி, கோபம் வந்தபோது கம்பை எடுக்காத மனசு, தான் கற்றதை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் பொறுமை, இவையெல்லாம் மரத்தில் கட்டிய பட்டை. போட்டி ஒரு நாளைய வெட்டைக் காட்டும். பட்டையைக் காட்டாது.

இருந்தாலும் பதக்கம் வேண்டாமா?

இவ்வளவு சொன்ன பிறகு, பதக்கத்தை அலட்சியப்படுத்தச் சொல்கிறோம் என்று எண்ணிவிடாதீர்கள். ஏழை வீட்டுப் பிள்ளைக்குச் சான்றிதழ் ஒரு கைக்கோல். பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைகளுக்கு 10 விழுக்காடு என்று கணக்கிடுகிறார்கள். இடம் கிடைப்பதும் கிடைக்காததும் ஒரு புள்ளி, அரைப் புள்ளியில் நிற்கும்போது அந்தப் பத்து விழுக்காடு சின்ன விஷயமில்லை. 

தமிழ்நாட்டிலும் இதேதான். 2021இல் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் சேர்த்தார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம் பெற்றது. வேலையும் மேடையும் கிடைக்கிறது என்றால் பிள்ளைகள் வருவார்கள். பிள்ளைகள் வந்தால்தான் கலை பிழைக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் காலியாகி, நம் ஜனங்கள் ஜாசினுக்கும் மெர்லிமாவுக்கும் மலாக்காப் பட்டணத்துக்கும் பிரிந்து போன பிறகு, கோயில் பின்புறத்து மண் களம் பல இடங்களில் இல்லாமலே போய்விட்டது. அந்த இடத்தில் கம்பை உயிரோடு வைத்திருப்பது போட்டிகள்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

திருநீறு பூசிய கம்பு

வேனில் பேசாமல் வந்த வாத்தியாரைப் பற்றிச் சொல்லி முடிக்க வேண்டும். இவர் நம் பழைய வாத்தியாரிடம் படித்த மாணவர். அறுபதைத் தாண்டிவிட்டார். அடுத்த ஞாயிறு அந்தத் தகப்பனார் வீட்டுக்குப் போய், “ஒரே ஒரு நாள் வாங்க தம்பி, அப்புறம் உங்க இஷ்டம்” என்று கூப்பிட்டு வந்தார். நாமும் போயிருந்தோம்.

கம்பு நுனியில் திருநீறு குழைத்துத் தடவினார். கம்பைத் தகப்பனார் கையில் கொடுத்தார். அவரும் சின்ன வயசில் கம்பு சுற்றியவர்தான்.

“ஒங்க மகள அடிங்க பாப்போம்.”

தகப்பனார் முதலில் தயங்கினார். பிறகு ஓங்கினார். இடப்பக்கம், வலப்பக்கம், கீழே, குத்து. பத்து நிமிடம் ஆனது. மூச்சு வாங்கியது. மகளின் சட்டைக் கையில் ஒரே ஒரு வெள்ளைப் பொட்டு. தகப்பனார் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இப்ப மாத்துங்க,” என்றார் வாத்தியார். கம்பை அந்தப் பிள்ளையிடம் கொடுத்தார். “நான் இருபது எண்றதுக்குள்ள ஒங்க அப்பாவுக்கு ஒரு பொட்டு வை.”

இருபது எண்ணி முடிந்தது. பொட்டு விழவில்லை. அவள் சுற்றிச் சுற்றி வந்தாள். உள்ளே போகவே இல்லை.

வாத்தியார் தகப்பனாரைப் பார்த்துச் சொன்னார்: “அன்னைக்கு அங்க நடந்தது இதுதான் தம்பி. தடுக்குறது அவளுக்கு வருது. உள்ள போயி அடிக்கிறதுக்கு நான் சொல்லிக் குடுக்கல. பொட்டப் புள்ள, தன்னக் காப்பாத்திக்கிட்டாப் போதும்னு நெனச்சிட்டேன். கொறை எம்மேலதான். அவமேல கோவப்படாதீங்க.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் தகப்பனார் கேட்டார்: “அப்ப அடுத்த போட்டிக்கு அனுப்பலாங்கிறீங்களா, வேணாங்கிறீங்களா?”

“அனுப்புங்க. அங்க போனதாலதானே ஓட்டை எங்க இருக்குன்னு எனக்கே தெரிஞ்சுது.”

தோழர்களே, நாம் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்ததை அந்தப் பெரியவர் சொல்லிவிட்டார். போட்டியில் தோற்றதால் அந்தப் பிள்ளையின் நாலு வருஷம் வீணாகவில்லை. அதே சமயம், அவளிடம் ஒரு குறை இருந்ததும் பொய்யில்லை. அந்தக் குறையைப் போட்டிதான் காட்டியது. அவளிடம் இருந்த நிறையைப் போட்டி காட்டவில்லை. அதைக் காட்டத் திருநீறு பூசிய கம்பும் ஒரு வாத்தியாரின் கண்ணும் தேவைப்பட்டன.

நாம் செய்ய வேண்டியது

பெற்றோர்களே, பிள்ளை பதக்கம் இல்லாமல் வீட்டுக்கு வந்தால், “ஏன் தோத்தே?” என்று கேட்காதீர்கள். “எந்த அடி ஒன்மேல பட்டுச்சு? அத எப்படித் தடுக்கணும்னு வாத்தியார் சொன்னாரு?” என்று கேளுங்கள். ஜெயித்து வந்தாலும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

வாத்தியார்களே, உங்கள் மாணவர்களை வேறு களத்துக் கம்புகளோடு மோதவிடுங்கள். தோற்றுவிடுவார்களோ என்று பூட்டி வைக்காதீர்கள். பதக்கத்துக்காகக் காலடியைச் சுருக்கிவிடவும் வேண்டாம்.

போட்டி நடத்தும் சகோதரர்களே, உங்கள் உழைப்பை மதிக்கிறோம். விதிகளை எழுதும்போது நல்ல தடுப்புக்கும் நிமிர்ந்து நிற்கும் ஆட்டத்துக்கும் ஏதாவது மதிப்பு உண்டா என்று பழைய வாத்தியார்கள் நாலு பேரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். போட்டியைத் தொழிலாளிக்கு லீவு கிடைக்கும் நாளில் வையுங்கள். பதிவுக் கட்டணத்தைத் தோட்டத்துப் பிள்ளைக்கும் தாங்கும்படி வையுங்கள். காசில்லாததால் வராத பிள்ளையின் திறமையை எந்தப் போட்டியாலும் அளக்க முடியாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்தில், கம்பத்தில், தாமானில் கம்பு தெரிந்த பெரியவர் யாராவது இன்னும் இருக்கிறாரா? இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். என்ன வரிசை தெரியும், யாரிடம் கற்றார் என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நம் பழைய வாத்தியாருக்கு அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. அவரோடு போன வரிசைகள் எத்தனை என்று இன்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அந்தப் பிள்ளை இப்போதும் பழகுகிறாள். சாயங்காலம் கோயில் பக்கம் போனால் கம்புச் சத்தம் கேட்கும். இப்போது அவள் கம்பின் நுனியிலும் திருநீறு பூசுகிறார்கள்.